கொள்கைக் குழுவைப் புதிய டிஜிட்டல் கருவிக்கு இணங்கவைப்பது எப்படி?

பொதுக் கொள்கை வகுக்கும் குழு ஒன்றிடம் புதிய மென்பொருளைக் கொண்டுபோய்க் காட்டினால், அவர்கள் முதலில் கேட்பது அதிலுள்ள வசதிகளைப் பற்றியதாக இருப்பதில்லை. "இந்த வரியைச் சேர்த்தது யார் என்று மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டால் காட்ட முடியுமா?" என்று ஒருவர் கேட்பார். "வரைவு முடிவதற்கு முன்பே வேறு துறையினர் பார்த்துவிடமாட்டார்களா?" என்று இன்னொருவர் கேட்பார். இந்தக் கேள்விகளைப் பழமைப் பிடிப்பு என்று ஒதுக்குகிறவர் அங்கேயே பாதி தோற்றுவிடுகிறார். அக்குழு உருவாக்கும் பொருள் ஒன்றுதான்: பின்னாளில் சட்டமன்றத்திலோ நீதிமன்றத்திலோ செய்தியாளர்கள் முன்போ கேள்வி எழுந்தால் தாக்குப்பிடிக்கக்கூடிய எழுத்து. அந்த எழுத்தின் பாதுகாப்புக்குக் குந்தகம் வருமோ என்ற ஐயம் தீராதவரை, எவ்வளவு அழகான கருவியும் அவர்கள் மேசையில் இடம் பெறாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு குழுவுக்கு நான்கு கருவிகளை ஒரே கூட்டத்தில் அறிமுகப்படுத்தினேன்: ஒரே ஆவணத்தில் பலர் சேர்ந்து எழுத ஒன்று, பணிகளைப் பகிர்ந்து கண்காணிக்க ஒன்று, தரவை வரைபடமாக்க ஒன்று, உரையாட ஒன்று. எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவர் பாராட்டவும் செய்தார். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அவர்கள் பழையபடி மின்னஞ்சலில் வரைவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்பேன் என்பதற்காக மட்டும் அதே கோப்பைப் புதிய கருவியிலும் ஒருமுறை ஏற்றிவைத்திருந்தார்கள். நான் அவர்களுடைய வேலையைக் குறைக்கவில்லை, இரட்டிப்பாக்கியிருந்தேன். அன்றிலிருந்து, ஒரு கருவியை எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு முன், எந்த வேலையைக் கைவிடலாம் என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். சொல்ல முடியாவிட்டால் அந்தக் கருவியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முதலில் ஒரு வரைவின் பின்னால் நடந்து பாருங்கள்

குழு அண்மையில் முடித்த ஒரு கொள்கைக் குறிப்பைத் தேர்ந்தெடுங்கள். அது பிறந்த நாளிலிருந்து ஒப்புதல் பெற்ற நாள்வரை எங்கெங்கே போயிற்று, யாரிடம் எத்தனை நாள் காத்திருந்தது, எத்தனை பிரதிகளாகப் பிரிந்தது, அவற்றை மறுபடி ஒன்றாக்கியது யார் என்று, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கூட்டமாக வைத்துக் கேட்டால் நடைமுறைக் கையேட்டில் உள்ள பாதையைத்தான் ஒப்பிப்பார்கள். தனியாகக் கேட்டால் உண்மையான பாதை வெளிவரும்.

அநேகமாக நீங்கள் காணப்போவது இதுதான். "இறுதி", "இறுதி 2", "திருத்திய இறுதி", "இதுவே இறுதி" என்ற பெயர்களில் கோப்புகள் கிடக்கும். ஏழெட்டுத் துறைகளிலிருந்து வந்த கருத்துகளை இளநிலைப் பணியாளர் ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து ஓர் அட்டவணையில் ஒட்டியிருப்பார். ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே "ஏற்கப்பட்டது", "ஏற்கப்படவில்லை", காரணம் என்று நிரப்பியிருப்பார். அட்டவணை முடிந்த மறுநாள் இரண்டு துறைகள் திருத்திய கருத்துகளை அனுப்பியிருக்கும். மூத்த ஆலோசகருக்கு இந்த வேதனை தெரியவே தெரியாது, ஏனெனில் அவர் மேசைக்கு வரும்போது குறிப்பு சீராகத்தான் இருக்கும். குழுவின் பெரும்பாலான நேரம் சிந்தனையில் கரைவதில்லை, இத்தகைய ஒட்டுவேலையில்தான் கரைகிறது என்பதை ஒரு பக்கக் கணக்காக எழுதி வையுங்கள். பிரதிகள் எத்தனை, மறுதட்டச்சு எத்தனை முறை, காத்திருந்த நாட்கள் எத்தனை என்ற மூன்று எண்கள் போதும்.

அந்தக் கணக்கைக் காட்டும்போது யாரையும் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. குறிப்பு ஒருவரிடம் பதினோரு நாள் கிடந்தது என்று பெயர் சொல்லிக் காட்டினால், அவர் உங்கள் கருவிக்கு ஆயுள் முழுவதும் எதிரி. பாதையைக் காட்டுங்கள், ஆளைக் காட்டாதீர்கள்.

அச்சங்களில் பாதி நியாயமானவை

உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஆய்வு, மனிதர்களுக்கு ஓர் இழப்பு அதே அளவுள்ள ஆதாயத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்று காட்டியது. கொள்கைக் குழுவில் இதை நேரில் பார்க்கலாம். ஒப்புதலுக்கு முன் வரைவை யார் எப்போது பார்ப்பது என்பதைத் தீர்மானிப்பது அங்கே ஒரு கலை. நிதித் துறைக்கு எப்போது அனுப்புவது, எந்த வாக்கியத்தை எந்தச் சுற்றில் வெளிப்படுத்துவது, எதை வாய்மொழியாக மட்டும் சொல்வது என்பதெல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த திறன். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்துத் திருத்தும் ஆவணம் என்று நீங்கள் பெருமையோடு சொல்லும்போது, அந்தத் திறன் கைநழுவுவதாகவே அவர் காதில் விழுகிறது.

அவர்களுடைய எச்சரிக்கைக்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. 2003 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகம் ஈராக் பற்றிய ஓர் அறிக்கையை வேர்டு கோப்பாகவே வெளியிட்டது. கோப்புக்குள் மறைந்திருந்த திருத்தப் பதிவுகளிலிருந்து, அதைக் கையாண்ட பணியாளர்களின் பெயர்கள் வெளியே வந்தன. கருவி தன் போக்கில் எதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிறது என்று தெரியாமல் பயன்படுத்துவது கொள்கைப் பணியில் ஆபத்துதான். ஆகவே "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். எந்த அச்சத்துக்குக் கருவியிலேயே தீர்வு இருக்கிறது, எதற்கு நடைமுறை விதி தேவை, எதற்குத் தீர்வே இல்லை என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். மூன்றாவது வகையில் ஒன்றிரண்டாவது இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டால், மற்ற இரண்டு வகைகளில் நீங்கள் சொல்வதை நம்புவார்கள். சுற்றுக்கு விடும் உரிமையைப் பொறுத்தவரை, கோப்பைத் திறந்துவிடும் அதிகாரம் இதுவரை யாரிடம் இருந்ததோ அவரிடமே தொடரும்படி அமைத்துக் காட்டுவது நல்லது. அதை மாற்றியமைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அது வேறொரு நாளின் சண்டை.

எளிமையைவிடப் பயனைப் பேசுங்கள்

மென்பொருள் விற்பவர்கள் "மிகவும் எளிது" என்ற சொல்லை விடவே மாட்டார்கள். ஃப்ரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையைக் காட்டுகிறது: ஒரு கருவி தன் வேலைக்கு உதவும் என்ற எண்ணமும், அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணமும் இரண்டுமே பயன்பாட்டோடு தொடர்புடையவை, ஆனால் முந்தையதன் தொடர்பு பிந்தையதைவிட வலுவானது. உண்மையில் பயன் தந்தால் கொஞ்சம் முரட்டுத்தனமான கருவியையும் மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள். கொள்கைக் குழுவில் இருப்பவர்கள் ஐந்நூறு பக்கச் சட்டத் தொகுப்பைப் புரட்டிப் பழகியவர்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய தடையாக இருக்காது.

பயனைப் பேசும்போது பொதுவாகப் பேசாதீர்கள். "நேரம் மிச்சமாகும்" என்ற வாக்கியத்தை அவர்கள் பலமுறை கேட்டுச் சலித்தவர்கள். "சென்ற முறை கருத்துகளைத் தொகுக்க நான்கு நாள் ஆயிற்று; இதில் ஒவ்வொரு துறையும் தன் கருத்தைத் தானே அந்தந்தப் பத்திக்கு எதிரே பதிவு செய்வதால், தொகுக்கும் வேலையே இராது; பதில் எழுதும் வேலை மட்டும் இருக்கும்" என்று சொல்லுங்கள். கூடவே, முதல் மாதம் வேகம் குறையும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், இரண்டாம் வாரத்தில் வரும் தடுமாற்றத்தைக் கருவியின் தோல்வியாக எடுத்துக்கொள்வார்கள்.

தரவு சார்ந்த கருவிகளுக்கு வாதாட வேண்டியிருந்தால், உலகறிந்த இரண்டு நிகழ்வுகள் கைகொடுக்கும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையான நாட்களில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவைப் பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் ஏற்றியதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும். அதற்கு மேற்பட்டவை விடுபட்டுவிட்டன. தொற்றியவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி தாமதமானது. கருவி சரியாகத்தான் இயங்கியது, அதன் கொள்ளளவை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மற்றொன்று கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு. அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்ற அதன் கருத்தைப் பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாக மேற்கோள் காட்டினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், ஆசிரியர்களிடம் விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அந்தப் பிழையோடு, எந்த ஆண்டுகளைச் சேர்ப்பது, எப்படி எடை கொடுப்பது என்பவற்றிலும் அவரும் அவருடைய பேராசிரியர்களும் குறை கண்டு திருத்தியபோது, அவ்வளவு கடனுள்ள நாடுகளுக்குக் கழித்தல் 0.1 விழுக்காடாக இருந்த சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடாக மாறியது. விரிதாள் பிழையை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் முடிவின் சாரம் மாறவில்லை என்று வாதிட்டார்கள். யார் சரி என்பது பொருளியலாளர்களின் விவகாரம். நமக்கு வேண்டியது, கணக்கின் ஒவ்வொரு படியையும் இரண்டாவது ஒருவர் பார்க்கும்படி வைத்திருந்தால் அது மூன்றாண்டுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது. இந்தக் கதைகளைப் பயமுறுத்தச் சொல்லாதீர்கள், குழுவின் சொந்த விரிதாள் ஒன்றைத் திறந்து, "இதில் இந்த எண் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டபின் சொல்லுங்கள்.

பதிவறையையும் பாதுகாப்புப் பிரிவையும் முதலில் பாருங்கள்

வழக்கமாக என்ன நடக்கிறதென்றால், குழு மனம் இசைந்து, தலைவரும் தலையசைத்த பிறகு, தகவல் பாதுகாப்புப் பிரிவு அனுமதி மறுத்துவிடுகிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஒருமுறை இப்படி ஆசைகாட்டி ஏமாற்றப்பட்ட குழு, இரண்டாம் முறை உங்கள் அழைப்புக்கு வரவே வராது. ஆகவே குழுவிடம் போவதற்கு முன்பே, பதிவேடுகளைப் பாதுகாப்பவர், சட்ட ஆலோசகர், தகவல் பாதுகாப்பு அலுவலர், கொள்முதல் பிரிவு ஆகியோரைப் பார்த்து, சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தரவு எந்த நாட்டில், யாருடைய சேமிப்பகத்தில் இருக்கும்? எந்த வகை இரகசிய ஆவணத்தை இதில் வைக்கவே கூடாது? தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டால், வரைவின் பக்கத்தில் எழுதிய கருத்துகளும் பதிவாகக் கருதப்படுமா? எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், யார் அழிக்கலாம்? ஒப்பந்தம் முடிந்தால் எல்லாவற்றையும் எந்த வடிவத்தில் திரும்ப எடுக்க முடியும்? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரநிலையாக 2005இல் வந்த பி.டி.எஃப்/ஏ (நெடுங்காலம் பாதுகாப்பதற்கான ஆவண வடிவம்), 2006இல் ஏற்கப்பட்ட ஓ.டி.எஃப். (அலுவலகக் கோப்புகளுக்கான வடிவம்) போன்ற திறந்த வடிவங்களில் கோப்புகளை வெளியே எடுக்க முடிகிற கருவியாக இருந்தால், பதிவறைக்காரரே உங்களுக்காகப் பேசுவார். பார்வைக் குறைபாடுள்ளவர்களும் விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவர்களும் கையாள முடியுமா என்பதையும், 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டுதல்களை வைத்து விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள். வாங்கியபின் கேட்டால் பதில் எப்போதும் "அடுத்த பதிப்பில்" என்றே வரும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி என்றால் கேள்விகள் இன்னும் கூர்மையாக வேண்டும். ஆயிரக்கணக்கில் வரும் பொதுமக்கள் கருத்துகளை வகைபிரிக்க அது உதவக்கூடும். ஆனால் இல்லாத சட்டப் பிரிவையும் இல்லாத ஆய்வையும் இருப்பதுபோல் நம்பிக்கையோடு எழுதித் தருவதும் அதன் இயல்பு. வெளியிடப்படாத வரைவைப் பொதுச் சேவைகளில் ஒட்டக் கூடாது, அது தந்த ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் பார்த்தவர் பெயர் பதிவாக வேண்டும் என்ற இரண்டு விதிகளை எழுத்தில் வைக்காமல் இந்த வகைக் கருவியை நான் எந்தக் குழுவுக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஒரு கருவி, ஒரு கோப்பு, ஆறு வாரம்

மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று பெரும் எதிர்பார்ப்போடு திறக்கப்பட்டது. முதல் நாளில் பதிவை முழுமையாக முடித்தவர்கள் ஆறே பேர். பிரிட்டிஷ் அரசுச் சேவைகளுக்கான கவ்.யூகே தளமோ 2011இல் ஒரு சோதனை வடிவமாகத் தொடங்கி, 2012 தொடக்கத்தில் அடுத்த சோதனை வடிவத்தைக் கடந்து, அதே ஆண்டு அக்டோபரில்தான் பழைய தளங்களின் இடத்தைப் பிடித்தது. அளவில் இவை உங்கள் குழுவோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆனால் சிறிதாகத் தொடங்கும் உங்கள் திட்டத்தை "அரைகுறை" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

ஒரே கருவியை ஒரே கோப்பில் ஆறு வாரம் முன்னோட்டமாகப் பயன்படுத்திப் பாருங்கள். அதற்கு எடுக்கும் கோப்பு உண்மையானதாக இருக்க வேண்டும். போலிக் கோப்பில் செய்யும் பயிற்சியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அரசியல் சூடுள்ள பொருளும் வேண்டாம். அதில் எது தவறினாலும் பழி கருவியின் தலையில் விழும். வரவு செலவுத் திட்டக் காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஆண்டுதோறும் திருத்தப்படும் ஒரு வழிகாட்டு நெறிமுறை, மூன்று நான்கு துறைகளின் கருத்து தேவைப்படும் ஒரு நடுத்தரக் குறிப்பு போன்றவை பொருத்தமானவை.

யாரை முதலில் சேர்ப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். ஆர்வமுள்ள இளைஞரைத் தேடிப் பிடிப்பார்கள். அவர் எந்தப் புதிய கருவியையும் வரவேற்பவர் என்று எல்லோருக்கும் தெரியுமாதலால் அவருடைய பாராட்டுக்கு எடை இல்லை. வேலையில் மதிப்புப் பெற்ற, எளிதில் நம்பாத, ஆனால் நியாயமாகப் பேசும் நடுநிலை அலுவலர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரிடம் போய், "இது தோற்றால் எங்கே தோற்கும் என்று நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். அவர் கண்டுபிடிக்கும் குறைகளில் இரண்டைச் சரிசெய்துவிட்டால், அவர் வாயிலிருந்து வரும் "பரவாயில்லை" என்ற ஒரு சொல் உங்கள் பத்து விளக்கக் கூட்டங்களுக்குச் சமம்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாள் முழுக்க வகுப்பு வேண்டாம். அவரவர் கோப்பை வைத்து ஒரு மணி நேரம், பிறகு முதல் இரண்டு வாரம் கூப்பிட்டால் பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆள், அவ்வளவுதான்.

தலைவர் விஷயம் தனி. அவர் தாளில் அச்செடுத்துப் பேனாவால் திருத்துபவராக இருந்தால், அதோடு மோதாதீர்கள். அச்செடுத்தே கொடுங்கள், திருத்தங்களை அவருடைய உதவியாளர் கருவியில் பதியட்டும். அவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த ஒரு கோப்பு மின்னஞ்சல் இணைப்பாக வந்தால் திறக்காமல், "அங்கே வையுங்கள், பார்க்கிறேன்" என்று பதில் போடச் சொல்லுங்கள். அவர் ஒரேயொரு இணைப்பைத் திறந்து ஒப்புதல் கொடுத்துவிட்டால், மறுநாளிலிருந்து எல்லோரும் இணைப்புதான் அனுப்புவார்கள்.

தொடங்கும் முன்பே, ஆறு வாரம் கழித்து எதை வைத்து வெற்றி என்று சொல்வீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆரம்பத்தில் எடுத்த அதே மூன்று எண்களை மறுபடி எடுங்கள். பிரதிகள் குறைந்தனவா, மறுதட்டச்சு ஒழிந்ததா, காத்திருப்பு சுருங்கியதா? எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற எண் விற்பனையாளருக்குத்தான் இனிக்கும். குறிப்பு சீக்கிரம் முடிந்ததா என்பதை அது சொல்லாது. எண்கள் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், ஏன் நிறுத்தினோம் என்று ஒரு பக்கம் எழுதிக் குழுவிடமே கொடுங்கள். தன் தோல்வியைத் தானே எழுதித் தருபவரின் அடுத்த முன்மொழிவைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்பதை இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

எண்கள் மாறியிருந்தால், அடுத்த கோப்புக்குப் போகுமுன் செய்ய வேண்டியது பழைய பாதையை மூடுவது. தேதி குறித்து, இரண்டு வாரம் முன்னதாகத் தலைவர் பெயரிலேயே அறிவியுங்கள். பழைய பொதுக் கோப்புறையை அழிக்க வேண்டாம். அழித்தால் பதிவறை ஒருபுறம், பதறிப்போன பணியாளர்கள் ஒருபுறம் என்று உங்கள் வாரம் போய்விடும். எல்லோரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது என்ற நிலைக்கு மட்டும் அதை மாற்றிவிட்டு, முகப்பில் புதிய இடத்தின் முகவரியை ஒரே வரியில் எழுதி வையுங்கள்.